பதினான்கு மில்லிமீட்டர்

டவுன்ஸ்வில்லில் டிசம்பர்.
வருகிறேன் வருகிறேன் என்று மூன்று நாளாய்
வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது மழை.
படகுத்துறையின் கடைசித் தூணருகே
விளக்குப் பொறியை இறக்கிவிட்டு
கயிற்றை மணிக்கட்டில் சுற்றி உட்கார்ந்தேன்.
ஜெல்லிமீன்களின் மாதம்.
ஆட்கள் யாரும் தண்ணீரில் கால்வைப்பதில்லை,
கடலுக்கு அது ஒருவகை விடுமுறை.

வெளிச்சத்துக்கு வந்தவை
இறால் குஞ்சுகள்,
கண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாத நண்டுக் குழந்தைகள்,
ஒரு கண்ணாடிக் கீறல்.
கீறல் திரும்பிப் பார்த்தது.
அதற்கு வாய் இருந்தது.

பதினொரு மில்லிமீட்டரில் ஒன்று வைத்திருக்கிறேன்,
பத்தொன்பதில் ஒன்று.
நடுவே இரண்டு வருடமாய் வெற்றுத்தாள்.

தசையை நொதி தின்னட்டும் என்று விட்டேன்.
எலும்பு சிவப்பாயிற்று, குருத்தெலும்பு நீலம்,
மற்றதெல்லாம் கிளிசரினில் கரைந்த காற்று.
ஓர் உடம்பில் எது தீர்ந்துபோன விஷயம்,
எது இன்னும் பேச்சுவார்த்தையில்
என்று இப்படி இரண்டே மையில்
நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

முட்டையை விட்டு வரும்போது
இரண்டு தாடையும் சமம்.
அப்புறம் கீழ்த்தாடை மட்டும் கிளம்புகிறது,
மேலதைக் கேட்காமல்.
சில வாரம் அந்த முகம் பாதி வாக்கியம்.
பிறகு மேலதும் புறப்பட்டு
எட்டிப் பிடிக்கிறது.
அதன்பின்தான் துறையில் தூண்டில் போடுபவர்கள்
லாங்டாம் என்று திட்டுகிற மீன்:
இரண்டு ஊசி, ஊசி நிறையப் பல்.

அதன் சொந்தக்காரன் அரைமூக்கன்
கீழ்த்தாடை நீண்டதோடு நிறுத்திக்கொண்டான்.
முட்டையிட்டுச் சாகும்வரை அதே பாதி வாக்கியம்,
அவனுக்கு அது முழு வாக்கியம்.
இன்னொரு கிளையில்
சிலவற்றின் குஞ்சுக்குக் கொஞ்சமாய் நீள்கிறது,
வளர வளர அதையும் விட்டுவிட்டு
துடுப்பை அகட்டிக்கொண்டு
கோலாவாய்த் தண்ணீரைத் தாண்டுகிறது.

குஞ்சு தன் முன்னோரின் படிகளில் ஏறி வருகிறது
என்று பழைய பாடம்.
படிக்கட்டென்றால் எல்லோருக்கும் பிடிக்கும்.
மரபணுவைப் படித்தபோது அது புதர்.
அரைமூக்கன்கள் தனிக் குடும்பமே இல்லை,
ஊசியும் கோலாவும்
அவற்றின் நடுவிலிருந்து
ஆளுக்கொரு பக்கம் முளைத்தவை.

எனக்குத் தெரிந்த மீன்கடையில்
ஊசிக்கும் அரைமூக்கனுக்கும் ஒரே பெயர், முரல்.
வண்டு செய்கிற வேலைக்கும் அதே சொல்.
ஆய்வறிக்கையில் அதற்குப் பத்தி இல்லை,
நான் கேட்கவும் இல்லை.
இரவு பத்துக்கு மேல் கட்டடம் அடங்கியபின்
நுண்ணோக்கியின் விளக்கு முரல்கிறது.

அலமாரியில் ஒரு சீசா.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று,
ஹாரிகன் கையெழுத்து:
அரைமூக்கன், பதினொன்று.
என் பதினான்கு மில்லிமீட்டரைப் பக்கத்தில் வைத்து
ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்,
முகவாயின் கரும்புள்ளி வரிசை,
துடுப்பின் கதிர்கள்.
நான்கு, லாங்டாமின் பிள்ளைகள்.
நாற்பது வருடமாய் அடுத்த வீட்டுப் பெயரில்
சாராயத்தில் நின்றிருக்கின்றன.

பழைய சீட்டை எடுக்கக்கூடாது என்பது விதி.
புதியதைப் பென்சிலில் எழுதி
அதனோடு போடவேண்டும்.
மை கரையும், பென்சில் கரையாது.
இப்போது நான்கு மீனுக்கு இரண்டு பெயர்,
ஒன்றின் முதுகில் மற்றது ஒட்டிக்கொண்டு.

ஹாரிகன் இப்போது போவெனில் மாமரம் வளர்க்கிறார்.
தொலைபேசியில் சொன்னேன்.
மறுமுனையில் ஒரு நாய், ஒரு தண்ணீர்க் குழாய்,
நெடுநேரம் வேறெதுவுமில்லை.
எத்தனை, என்றார்.
நான்கு.
அப்படியானால் ஏழு சரி,
என்று குழாயை மூடினார்.

அந்த ஏழில்
ஒன்றின் மேல்தாடையை
நான் இன்னும் நம்பவில்லை.
அதை அவரிடம் சொல்லவில்லை.